நிற்கத் தெரியாத தாக்கம்

மத்திய மலைநாட்டின் தேயிலைத் தோட்டங்களில், தேயிலைக் கன்றுகளை வளர்க்கும் தவறணைகளுக்கான மண்ணைப் பொலித்தீன் விரிப்பால் இறுக மூடி, அதனுள் மெதயில் புரோமைட்டு வாயுவைச் செலுத்தி, வேருக்குள் நுழைந்து அரிக்கும் நூற்புழுக்களைக் கொல்லும் வழக்கம் முன்னர் இருந்தது. மெதேனிலுள்ள நான்கு ஐதரசன் அணுக்களில் ஒன்று விலக, அதன் இடத்தைப் புரோமின் அணு பிடித்துக்கொண்ட மூலக்கூறே இது. இந்த இடமாற்றத்தை வேதியியல் பிரதியீடு என்கிறது.

பிரதியீட்டைத் தொடக்கி வைக்க ஒளி போதும். அறை வெப்பநிலையில் மெதேனும் குளோரினும் இருளில் கலந்திருந்தால் ஒன்றும் நிகழாது. புறஊதாக் கதிர் பட்டதும் குளோரின் மூலக்கூறு பிளந்து, பிணைப்பிலிருந்த இரு இலத்திரன்களில் ஆளுக்கொன்றை இரு அணுக்களும் எடுத்துச் செல்கின்றன. சோடியற்ற இலத்திரனுடன் திரியும் இத்தகைய அணு சுயாதீன மூலிகம் எனப்படும். அது மெதேனிலிருந்து ஓர் ஐதரசனைப் பறித்து ஐதரசன் குளோரைட்டாகிவிட, எஞ்சிய மெதயில் மூலிகம் இன்னொரு குளோரின் மூலக்கூறைத் தாக்கி மெதயில் குளோரைட்டாகி, புதிய குளோரின் மூலிகமொன்றை விடுவிக்கிறது. அது அடுத்த மெதேனை நாடுகிறது. இரு மூலிகங்கள் தம்முள் இணைந்தால்தான் இச்சங்கிலி அறும்.

புரோமினும் இதே வழியில்தான் செல்கிறது, ஆனால் நிதானமாக. மெதேனின் காபன்–ஐதரசன் பிணைப்பை அறுக்க மூலுக்கு 439 கிலோயூல் செலவாகிறது. ஐதரசனுடன் இணைவதால் குளோரினுக்கு 431 கிலோயூல் மீள்கிறது, புரோமினுக்கோ 366 மட்டுமே. ஆகவே அது கண்ட ஐதரசனையெல்லாம் பறிக்காமல், எளிதில் பிரிவதையே தேர்கிறது. புரொப்பேனில் பெரும்பாலும் நடுக்காபனின் ஐதரசனே பறிபோகிறது.

ஆயினும் தவறணைக்கு வந்த வாயு இவ்வாறு பிறந்ததன்று. மூலிகத் தாக்கம் முதற் பிரதியீட்டோடு நில்லாமல் மேலும் தொடர்ந்து கலவையையே தருமாதலால், தொழிற்சாலைகள் மெதனோலையும் ஐதரசன் புரோமைட்டையும் கொண்டே அதை ஆக்குகின்றன. பாடநூல்கள் பல இதனைச் சொல்லாமல் கடந்துவிடுவது குறைதான்.

மூலிகம் மீண்டும் தலைகாட்டியது வானில். மண்ணிலிருந்து கசிந்து படைமண்டலத்தை எட்டிய வாயுவைச் சூரியக் கதிர் பிளக்க, வெளிப்பட்ட புரோமின் மூலிகம் ஓசோனின் ஒட்சிசன் அணுவொன்றைப் பறித்து, பின்னர் அதனை இழந்து, பழைய மூலிகமாகவே அடுத்த ஓசோனிடம் செல்கிறது. இதனால் மொன்றியல் உடன்படிக்கையின்கீழ் வளர்முக நாடுகள் 2015ஆம் ஆண்டுக்குள் இவ்வாயுவைக் கைவிட வேண்டியதாயிற்று. தொற்றுத்தடைக்காப்புப் பயன்பாட்டுக்கு விலக்கு உண்டு; ஏற்றுமதிச் சரக்கைத் தாங்கும் மரத்தட்டுகளில் ‘எம்.பி.’ என்ற முத்திரை இருந்தால், அந்த மரம் மெதயில் புரோமைட்டால் புகையூட்டப்பட்டது என்று பொருள்.