அரசாங்கம் கடன் வாங்குறது எதுக்கு?



பட்ஜெட்னு சொன்னதும் பயந்துடாதீங்க. நம்ம குழுவோட வரவு செலவு நோட்டு மாதிரிதான் அதுவும்.

2025 பிப்ரவரி 1-ந் தேதி மத்திய அரசு தாக்கல் செய்த 2025-26 பட்ஜெட்டை எடுத்துக்குவோம். செலவு மதிப்பீடு 50.65 லட்சம் கோடி ரூபாய். கடன் நீங்கலாக வரவு 34.96 லட்சம் கோடி. துண்டு விழுந்தது 15.69 லட்சம் கோடி. இதுக்குப் பேர்தான் நிதிப் பற்றாக்குறை. இதைக் கடன் வாங்கித்தான் சரிக்கட்டணும்.

கடன் வாங்குறது தப்பில்லை, நாமளும்தான் வாங்குறோம். ஆனா குழுவில் கடன் கேட்டா "எதுக்கு?"ன்னு கேட்டுத்தானே தீர்மானம் எழுதுறோம்? கறவை மாடு வாங்கினா பால் காசு வரும். பழைய வட்டி கட்டுறதுக்குன்னா கடன்தான் ஏறும்.

அரசாங்கத்துக்கும் அதே கேள்விதான். ரோடு, ரயில் பாதைன்னு போட்டா பல வருஷம் பயன் தரும். அந்தக் கடனில் 5.24 லட்சம் கோடி, அதாவது மூணில் ஒரு பங்கு, அன்றாடச் செலவில் விழுந்த பள்ளத்தை அடைக்கத்தான். இது வருவாய்ப் பற்றாக்குறை. (ரேஷன் அரிசி மானியமும் அன்றாடச் செலவில்தான் வருது; அதனால எல்லாமே வீண்னு சொல்லிட முடியாது.) பழைய கடனுக்கு வட்டி மட்டும் 12.76 லட்சம் கோடி. மொத்தச் செலவில் கால் பங்கு!

அடுத்த பட்ஜெட் செய்தியில் வருவாய்ப் பற்றாக்குறை, வட்டி ரெண்டும் எவ்வளவுன்னு பார்த்துக் குறிச்சுக்கிட்டு வாங்க. கூட்டத்தில் பேசுவோம்.