போலந்து இல்லங்களில் கிறிஸ்துமஸ் முந்தின மாலை



போலந்து தேசத்தாரில் பெரும்பாலானோர் ரோமன் கத்தோலிக்கர். அவர்களுக்கு டிசம்பர் 25ஐவிட 24 மாலையே பெரியது. 'விகிலியா' என்று அதற்குப் பெயர். விழித்திருத்தல் என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. 2025 முதல் அந்நாள் அங்கே அரசாங்க விடுமுறையும் ஆகிவிட்டது. மாலையில் பிள்ளைகள் ஜன்னலருகே நின்று முதல் நட்சத்திரத்தைத் தேடுவார்கள். அது தென்பட்ட பிறகுதான் பந்தி. மேஜையின் வெள்ளை விரிப்புக்கு அடியில் முன்னணையின் நினைவாகக் கொஞ்சம் காய்ந்த புல் பரப்பியிருக்கும்.

ஆனால் உடனே யாரும் உணவைத் தொடுவதில்லை. லூக்கா சுவிசேஷத்திலிருந்து பிறப்பின் வரலாற்றை வாசித்து ஜெபித்தபின், குடும்பத்தில் மூத்தவர் 'ஒப்வாத்தெக்' என்னும் அப்பத்தைக் கையில் எடுப்பார். மாவும் தண்ணீரும் மட்டுமே சேர்த்து, மாட்டுத்தொழுவக் காட்சியைப் பதித்துச் சுட்டது, காகிதம்போல் மெல்லியது. நம்மில் சிலருக்குச் சந்தேகம் எழக்கூடும். இது திருவிருந்தின் அப்பம் அல்ல. கணவன் மனைவியிடம், மாமியார் மருமகளிடம், அண்ணன் தம்பியிடம் என்று அறையிலுள்ள ஒவ்வொருவரும் மற்ற ஒவ்வொருவரிடமும் போய், அவர் கையிலுள்ளதில் ஒரு துண்டு ஒடித்து உண்டு, தன்னுடையதை நீட்டி, வாழ்த்துச் சொல்ல வேண்டும். ஆண்டு முழுவதும் முகங்கொடுத்துப் பேசாத இருவரும் இதற்குத் தப்ப முடியாது. மனஸ்தாபத்தைத் தீர்க்காமல் அந்த அப்பத்தை ஒடிப்பது எப்படி? அன்றைய பந்தியில் விழுங்கக் கடினமானது ருசியில்லாத இந்த அப்பம்தான் என்பது என் எண்ணம். தூரதேசத்திலுள்ள உறவினருக்கு இதைத் தபால் உறையில் வைத்தும் அனுப்புவார்கள்.

அதன்பின் பன்னிரண்டு வகை உணவு. அப்போஸ்தலரின் எண்ணிக்கை என்பார்கள். இறைச்சி கிடையாது. பீட்ரூட் சூப், காளான், முட்டைக்கோஸ், கசகசா வைத்த கேக், பொரித்த கெண்டை மீன். (முன்னெல்லாம் கெண்டையை உயிரோடு வாங்கிக் குளியல் தொட்டியில் விட்டு வைப்பார்கள். பிள்ளைகள் அதற்குப் பெயர் வைத்துவிட்டால் வீட்டில் அழுகைதான்.)

மேஜையில் ஒரு தட்டு மட்டும் ஆளில்லாமல் இருக்கும். எதிர்பாராத விருந்தாளிக்கு என்பர் சிலர். மரித்தோருக்கும் தூரத்தில் இருப்போருக்கும் என்பர் வேறு சிலர். 1981 டிசம்பர் 13 அன்று அங்கே இராணுவச் சட்டம் அறிவிக்கப்பட்டு, ஆயிரக்கணக்கானோர் காவலில் வைக்கப்பட்டார்கள். பதினோரு நாள் கழித்து வந்த விகிலியாவில், அந்தத் தட்டுக்கு உரியவர் யாரென்று பல வீடுகளில் குழந்தைக்கும் தெரிந்திருந்தது. போலந்துக்காரரான போப் இரண்டாம் யோவான் பவுல் அன்றிரவு வத்திக்கானில் தம்முடைய ஜன்னலில் மெழுகுவர்த்தி ஏற்றிவைத்தார்.

முன்பின் தெரியாதவர் மெய்யாகவே கதவைத் தட்டினால் உள்ளே விடுவோமா என்று போலந்துக்காரரே தங்களுக்குள் கேட்டுக்கொள்வதுண்டு. 2022 பிப்ரவரியில் உக்ரைனில் யுத்தம் மூண்டபோது, லட்சக்கணக்கான தாய்மாரும் பிள்ளைகளும் எல்லை கடந்து போலந்துக்கு வந்தார்கள். அவ்வாண்டு டிசம்பரில் அந்தத் தட்டில் உணவு பரிமாறிய வீடுகள் உண்டு. வந்தவர்களில் பலருக்கு அப்போது பழைய நாட்காட்டியின்படி ஜனவரி 7தான் கிறிஸ்துமஸாக இருந்தது. கிறிஸ்துமஸுக்கு முந்தின மாலை அவர்கள் சமைப்பதும் இறைச்சியில்லாத பன்னிரண்டு வகைதான்.