கல்லாப் பக்கத்தில் ஒரு பாட்டுப் பெட்டி: வாங்குமுன் கார்டைப் பாருங்கள்

கீழமாசி வீதியில் காலையில் ஷட்டரைத் தூக்கியதும் முதலில் ஊதுவத்தி, அடுத்தது சாமி பாட்டு. நம் தொழிலில் இது தலைமுறை வழக்கம். பாடும் கருவிதான் மாறிக்கொண்டே வந்திருக்கிறது. ரேடியோ போய் டேப் ரிக்கார்டர் வந்தது, அது போய் சி.டி. வந்தது, இப்போது எல்லாம் செல்போன்.

செல்போனில்தான் சிக்கல். அது இன்று கடையின் இரண்டாவது கல்லா. வாடிக்கையாளர் செலுத்தும் பணம், உசிலம்பட்டி, மேலூர், திருமங்கலம் சில்லறைக் கடைக்காரர்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பும் சரக்குப் பட்டியல், லாரி ஆபீஸ் அழைப்பு, எல்லாம் அதில்தான். பாட்டும் அதிலேயே ஓடினால் மாலைக்குள் சார்ஜ் தீர்ந்துவிடுகிறது. போதாக்குறைக்கு, பாட்டை மாற்றுகிறேன் என்று கடைப் பையன்கள் போனை எடுத்துக்கொண்டு போகிறார்கள். பணம் வந்து சேரும் போனில் பல கைகள் படுவது நல்லதல்ல. பாட்டுக்கென்று தனியாக ஒரு சிறிய பெட்டி வைத்துக்கொள்வதே உத்தமம்.

கடைகளில் இரண்டு வகை கிடைக்கின்றன. ஒன்று, பாட்டோடு சேர்ந்தே வருவது. சரிகம நிறுவனம் 2017-ல் கொண்டுவந்த 'கார்வான்' இந்த வகை. (நாய் படம் போட்ட எச்.எம்.வி. இசைத்தட்டுக் கம்பெனியின் இன்றைய பெயர்தான் சரிகம.) 5000 பாடல்கள் உள்ளேயே பதிந்து வந்தன, தமிழுக்கும் தனிப் பதிப்பு வந்தது. நம் மதுரைக்காரரான டி.எம். சௌந்தரராஜன் குரலைத் தேடும் பெரியவர்களுக்கு இது சுகம். ஆனால் அந்த 5000 பாடல்களில் ஒன்றைக்கூட நாம் நீக்கவோ மாற்றவோ முடியாது. நம் சொந்தப் பாட்டு வேண்டுமென்றால் பென் டிரைவ் செருக வேண்டும்.

மற்றது, வெறும் பெட்டியாக வருவது. மெமரி கார்டு நாம் போட வேண்டும். மளிகைக் கடைக்கு இதையே நாம் சிபாரிசு செய்வோம். விலை குறைவு, இடம் அடைக்காது, கார்டை மாற்றினால் பாட்டும் மாறிவிடும். பெட்டியின் மேல் 'டி.எஃப்.' என்று எழுதியிருந்தால் குழம்ப வேண்டாம். 2004-ல் இந்தச் சின்னக் கார்டுக்கு வைத்த 'டிரான்ஸ்ஃபிளாஷ்' என்ற பெயரின் சுருக்கம் அது. இன்றைய மைக்ரோ எஸ்.டி. கார்டும் அதுவும் ஒன்றே.

எவ்வளவு பெரிய கார்டு? 32 ஜிபி போதும். சாதாரண எம்.பி.3 பாட்டு நிமிடத்துக்கு சுமார் ஒரு எம்.பி. பிடிக்கும். ஐந்து நிமிடப் பாட்டுக்கு ஐந்து எம்.பி. என்று வைத்தால் ஆறாயிரம் பாட்டு கொள்ளும். மலிவான பெட்டிகள் பல 32 ஜிபிக்கு மேல் படிப்பதில்லை. 64 ஜிபி முதல் கார்டுகள் வேறொரு முறையில் ஒழுங்கு செய்யப்பட்டு வருவதே காரணம். 32 ஜிபி கார்டைக் கம்ப்யூட்டரில் போட்டால் 29 சொச்சம்தான் காட்டும். அது மோசடி அல்ல; கார்டு செய்பவர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார், கம்ப்யூட்டர் 1024 ஆக எண்ணுகிறது. ஊருக்கு ஊர் படி அளவு வேறாக இருந்த காலத்தை நம் பெரியவர்கள் அறிவார்கள்.

மோசடி வேறு இடத்தில் இருக்கிறது. எங்கள் தந்தையார் கடை மூடியபின் கணக்கு எழுதிக்கொண்டே தேவாரம் பாடுவார். அதைப் பல கேசட்டுகளில் பதிந்து வைத்திருந்தோம். அவற்றைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, நடைபாதையில் மலிவாக வாங்கிய 128 ஜிபி கார்டில், ஏற்கெனவே இருந்த பாட்டுகளோடு சேர்த்துப் போட்டோம். பட்டியலில் எல்லாப் பெயரும் தெரிந்தன. அந்த நம்பிக்கையில் கேசட்டுகளைக் கழித்தோம், கம்ப்யூட்டரிலும் அழித்தோம். பிறகு போட்டுக் கேட்டால் அவர் குரல் வந்தது இரண்டே பதிவுகளில். மற்றவை வெறும் பெயர்கள். கார்டின் உண்மைக் கொள்ளளவு 8 ஜிபிதானாம்; 128 என்று பொய் சொல்லும்படி உள்ளே திருத்தியிருக்கிறார்கள். மேலே நல்ல அரிசி, அடியில் உமி.

எனவே புதுக் கார்டை முதல் நாளே முழுக்க நிரப்பி, கடைசியில் ஏற்றிய பாட்டு ஓடுகிறதா என்று கேட்டுப் பாருங்கள். எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருளும் இந்தச் சோதனையைச் செய்யும். பில் இல்லாமல் கார்டு வாங்கவே வேண்டாம்.

பெட்டியை வாங்கும்போது நம் கார்டை எடுத்துப்போய்ச் செருகிக் கேட்பது நல்லது. நிறுத்தி மறுபடி போட்டால் விட்ட இடத்திலிருந்து பாடுகிறதா, முதல் பாட்டுக்கே ஓடுகிறதா என்று பாருங்கள். பாட்டரி கழற்றி மாட்டும்படி இருக்கட்டும். பழைய நோக்கியா போனின் பி.எல்.5சி பாட்டரி பல பெட்டிகளுக்குப் பொருந்தும், எளிதில் கிடைக்கும். மிளகாய்த்தூளும் மாவும் பறக்கும் கடையில் கார்டு துவாரத்துக்கு மூடி அவசியம். அட்டைப் பெட்டியில் எம்.ஆர்.பி., இறக்குமதி செய்தவர் முகவரி, மாதம், வருடம் இருக்கிறதா? நம் பொட்டலத்தில் இல்லாவிட்டால் அதிகாரிகள் நம்மை விடுவதில்லையே!

'ஆயிரம் பாட்டு ஏற்றித் தருகிறோம்' என்பவரிடம் போக வேண்டாம். செல்போன் உதிரிகள் விற்கும் உறுப்பினர்களும் இந்த வேலையைச் செய்ய வேண்டாம். 1957-ம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 63-வது பிரிவில் ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறையும், 50,000 முதல் இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. கடையில் பொதுமக்கள் கேட்கும்படி பாட்டுப் போடவும் உரிமையாளர் அனுமதி தேவை. ஓட்டல், ஜவுளிக் கடைகளுக்குக் கட்டணம் கேட்டு நோட்டீஸ் வருவதுண்டு. வந்தால் கிழித்துப் போடாமல் வக்கீலிடம் காட்டுங்கள்.

கடைசியாக ஒன்று. மலிவுப் பெட்டிகள் பெரும்பாலும் கார்டில் எந்த வரிசையில் ஏற்றினோமோ அந்த வரிசையில்தான் பாடும். விநாயகர் பாட்டு முதலில் வேண்டுமென்றால் அதையே முதலில் ஏற்றுங்கள். எங்கள் கடையில் இப்போது ஒரே மாதிரி இரண்டு கார்டுகள். ஒன்று பெட்டியில் பாடுகிறது. மற்றது பீரோவில், பழைய பேரேடுகளோடு இருக்கிறது. தந்தையாரின் அந்த இரண்டு பதிவுகளும் இரண்டிலும் உள்ளன.