குருசடைத் தீவில் ஒரு காலை

காரைக்கால் சமுத்திரத்தைப் பார்த்தே வளர்ந்தவர்கள் நாம். அரசலாறு கொண்டுவந்து கொட்டும் வண்டல் கலந்த அந்த ஜலத்தில், முழங்கால் ஆழத்தில் நின்றால் நம் பாதமே நமக்குத் தெரியாது. கடலுக்கு அடியில் ஓர் உலகம் இருக்கிறதென்று பள்ளிப் பிள்ளைகளுக்குப் புஸ்தகத்தை நம்பியே இதுகாறும் சொல்லி வந்தோம். சென்ற விடுமுறையில் சுரக்குடியிலிருந்து குடும்பத்தோடு இராமேசுவர யாத்திரை கிளம்பியபோது, ஸ்வாமி தரிசனத்துடன் அந்தக் குறையையும் தீர்த்துக்கொள்வதென்று தீர்மானித்தோம்.

பாம்பனுக்கு அருகே குந்துகால் என்று ஓரிடம். 1897-ம் வருஷம் சுவாமி விவேகானந்தர் மேல்நாட்டிலிருந்து திரும்பி வந்து இறங்கிய கரை அது. அங்கிருந்து வனத்துறையாரின் படகில் குருசடைத் தீவுக்குப் போகலாம். இராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே வரிசையாய் அமைந்த 21 தீவுகளில் இது ஒன்று. 1986-ல் இவற்றையும் சுற்றியுள்ள கடலையும் தேசியப் பூங்கா ஆக்கினார்கள்.

தீவை நெருங்கியதும் ஜலம் தெளிந்தது. குனிந்து பார்த்தால் அடித்தரை தெரிகிறது! "பவளம் என்றீர்களே, சிவப்பாக ஒன்றையும் காணோமே?" என்றாள் நம் சகதர்மிணி. நியாயமான கேள்விதான். மோதிரத்தில் பதிக்கும் சிவப்புப் பவளம் மத்தியதரைக் கடலில் பேர்போனது. அது வேறு ஜாதி. இங்கே இருப்பது பாறை கட்டும் பவளம். சில மான்கொம்பு போலக் கிளைத்திருக்கின்றன. சில மூளையைப் போல மடிந்திருக்கின்றன. எல்லாம் பழுப்பும் பச்சையுமான நிறம். கட்டுகிற பிராணிகளோ மிகச் சிறியவை. அவற்றின் உடலுக்குள் நுண்ணிய பாசி குடியிருந்து, வெயிலைக் கொண்டு ஆகாரம் தயாரித்து வீட்டுக்காரருக்கும் பங்கு கொடுக்கிறது. கடல் வழக்கத்தைவிடச் சற்றே சூடேறினாலும் குடித்தனம் கலைந்து பாறை வெளுத்துவிடும். 1998, 2010, 2016 ஆகிய வருஷங்களில் மன்னார் வளைகுடாவில் அப்படி நேர்ந்தது.

கிளிமீன் ஒன்று தன் அலகால் பாறையைக் கொறித்துக்கொண்டிருந்தது. கொறித்த கல்தான் அதன் வயிற்றில் அரைபட்டு வெண்மணலாக வெளிவருகிறது. ஆமை ஒன்று தலையை நீட்டி மூச்சு வாங்கிற்று. நம்மைப் பார்த்துப் பிடிக்காததுபோல் உடனே மூழ்கிவிட்டது. கடல்புல் மேயும் சாதுவாகிய ஆவுளியா, அதாவது கடற்பசு, நமக்குத் தரிசனம் தரவில்லை. கல்லூரியில் விலங்கியல் படித்தவர்களுக்கு இத்தீவின் பெயர் தெரிந்திருக்கும்: முதுகெலும்புள்ள பிராணிகளுக்குத் தூரத்து உறவான பலனோகிளாசஸ் என்னும் புழு இதன் மணலில் வாழ்கிறது. அதுவும் மணலுக்குள்ளேயே இருந்துவிட்டது.

கரையில் இறங்கியதும் நம் பெண் வெள்ளைப் பவளத் துண்டு ஒன்றைப் பொறுக்கிக்கொண்டாள்.

"பாப்பா, அதை அங்கேயே போட்டுரும்மா" என்றார் காவலர்.

"செத்துப்போன கல்தானே?" என்றோம் நாம்.

"செத்த கல்லும் பொடியானாத்தான் சார் தீவுக்கு மண்ணு" என்றார் அவர். உபாத்தியாயருக்கே பாடம்!

முன்னாளில் சுண்ணாம்புக்காகவும் கட்டடங்களுக்காகவும் இந்தப் பாறைகளைப் படகு படகாக வெட்டி எடுத்தார்கள். அலையைத் தடுக்கும் மதில் போய்விட்டால் மணல் தீவு எத்தனை நாள் நிற்கும்? பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்னும் இரண்டு தீவுகள் இப்போது நீருக்கடியில் கிடக்கின்றன. 2001-ல்தான் பவளத்தை வனவிலங்குச் சட்டத்தின் பாதுகாப்பில் சேர்த்தார்கள். வெட்டு ஓய்ந்தது அதற்குப் பிறகே.

பெண் துண்டை மணலில் வைத்துவிட்டாள். படகு ஏறும் சமயத்தில், "அப்பா, நம் வீட்டு அலமாரியில் இருக்கிறதே, அது?" என்று கேட்டாள்.

1990-ம் வருஷத்து யாத்திரையில், நம் தகப்பனார் கடைத்தெருவில் வாங்கித் தந்தது அது. கடல் பாடம் வரும்போதெல்லாம் பள்ளிக்கூடத்துக்கு எடுத்துப்போய்ப் பெருமையோடு காட்டுவோம். குந்துகால் வந்து சேரும்வரை அவள் நம் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நாம் பாம்பன் பாலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.