ஏழு வயதில் மீசையா?

பீன்யாவில் ஒரு தொழிலாளர் குடும்பம் என்று வைத்துக்கொள்வோம். மகனுக்கு வயது 7. ஒரே வருடத்தில் கிடுகிடுவென வளர்ந்துவிட்டான். முகத்தில் பரு. உதட்டின் மேல் மீசை அரும்புகிறது. குரல் கரகரக்கிறது.

“என் பிள்ளை அதற்குள் பெரிய ஆளாகிவிட்டான்!” என்று அப்பாவுக்குப் பெருமை. அம்மாவுக்கோ கவலை. வெளியே சொல்லக் கூச்சம்.

அம்மாவின் கவலைதான் சரி.

ஆண் பிள்ளைகளுக்கு 9 வயது முதல் 14 வயதுக்குள் பருவ மாற்றம் தொடங்கும். முதலில் விதைகள் பெரிதாகும். மீசையும் குரல் மாற்றமும் பிறகு வரும். 9 வயதுக்கு முன்பே மாற்றம் தெரிந்தால் டாக்டரிடம் காட்ட வேண்டும்.

இது எப்படி நடக்கிறது? சங்கு ஊதியதும் ஆலையில் வேலை தொடங்கும் அல்லவா? அதுபோல, உரிய வயதில் மூளை சங்கு ஊதுகிறது. மூளையின் அடியில் பட்டாணி அளவில் பிட்யூட்டரி சுரப்பி இருக்கிறது. அது ஹார்மோன் என்ற நீரை இரத்தத்தில் விடுகிறது. உடனே விதைகள் ஆண் ஹார்மோனைச் சுரக்கின்றன. உடம்பு மாறுகிறது.

சிலருக்கு இந்தச் சங்கு முன்னதாகவே ஊதிவிடுகிறது. மூளையில் உள்ள சிறு கட்டி காரணமாக இருக்கலாம். முன்பு வந்த மூளைக்காய்ச்சலும் காரணமாகலாம். சிலருக்குக் காரணம் தெரிவதில்லை.

வேறு சிலருக்குச் சங்கு ஊதாமலே வேலை தொடங்கிவிடும். சிறுநீரகத்தின் மேல் அட்ரீனல் சுரப்பி இருக்கிறது. பிறவிக் குறையால் அது ஆண் ஹார்மோனை அதிகம் சுரக்கலாம். அபூர்வமாக விதையில் கட்டி இருக்கலாம்.

இதனால் என்ன கெடுதல்? எலும்புகள் சீக்கிரம் முற்றிவிடும். இன்று வகுப்பிலேயே உயரமான பையன் நாளை குள்ளமாக நின்றுவிடலாம். உடம்பு வளர்ந்தாலும் மனம் ஏழு வயதுதான். “இவ்வளவு பெரியவன் அழலாமா?” என்று திட்டாதீர்கள்.

டாக்டர் இரத்தம் பரிசோதிப்பார். இடது கையை எக்ஸ்ரே எடுத்து எலும்பின் வயதைப் பார்ப்பார். தேவையானால் மூளையை ஸ்கேன் செய்வார்.

சிகிச்சை உண்டு. மூளையின் சங்கை நிறுத்தி வைக்க ஊசி இருக்கிறது. மாதம் ஒரு முறை அல்லது மூன்று மாதத்துக்கு ஒரு முறை போடுவார்கள். உரிய வயதில் ஊசியை நிறுத்தினால் பருவம் தானே தொடரும். அட்ரீனல் குறைக்குத் தினமும் மாத்திரை. அதை நாமாக நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து.

இ.எஸ்.ஐ. அட்டை தொழிலாளியின் பிள்ளைக்கும் உதவும். பீன்யாவிலேயே இ.எஸ்.ஐ. மருத்துவமனை இருக்கிறது. அட்டை இல்லாதவர்கள் பெங்களூர் இந்திரா காந்தி குழந்தைகள் நல மருத்துவமனைக்குப் போகலாம்.

எலும்பு முற்றிய பின் போனால் இழந்த உயரம் திரும்பாது. கூச்சத்தை விடுங்கள். இன்றே போங்கள்.