தீபாவளிச் சீட்டு: கட்டுமுன் கணக்குப் பாருங்கள்!

தை பிறந்ததும் மதுரைச் சந்துகளில் ஒரு சின்ன நோட்டு கைமாறத் தொடங்கும். உள்ளே கட்டம் கட்டமாகக் கோடு. வாரம் 100 ரூபாய் கொடுத்தால் ஒரு கட்டத்தில் கையெழுத்து. ஐப்பசியில் பட்டாசு, இனிப்பு, எண்ணெய், ஒரு பாத்திரம் எல்லாம் வந்து சேரும்.

இதுதான் தீபாவளிச் சீட்டு.

கையில் இருந்தால் காசு கரைந்துவிடும். மேலூர், உசிலம்பட்டிப் பக்கம் கூலி வேலைக்குப் போகும் பெண்கள் இந்த நோட்டை விரும்புவது அதனால்தான். வாங்க வருகிறவரும் அந்நியர் அல்ல. தெரிந்த கடைக்காரர், அல்லது எதிர்வீட்டு அக்காள்.

வாரம் 100 ரூபாய் வீதம் 40 வாரம் கட்டினால் 4,000 ரூபாய். கிடைக்கும் சாமான்களின் விலையைக் கடையில் விசாரித்துக் கூட்டிப் பார்க்க வேண்டாமா? பல வீடுகளில் பார்ப்பதில்லை. பாத்திரம் பளபளவென்று இருக்கிறது, மனம் குளிர்ந்துவிடுகிறது!

பூட்டுத் தொங்கினால்?

சீட்டுப் பிடித்தவர் வீட்டில் புரட்டாசியில் பூட்டுத் தொங்கினால் என்ன ஆகும்? நோட்டுதான் மிச்சம். பிள்ளைகள் புதுச் சட்டை கேட்பார்கள். தாய் தண்டல்காரரிடம் போவாள்.

தண்டலில் 1,000 ரூபாய் என்று பேசி, கையில் 850 ரூபாய் தருவது வழக்கம். நாள் 10 ரூபாய் வீதம் 100 நாள் கட்ட வேண்டும். வட்டி 150 ரூபாய்தானே என்று தோன்றும். ஆனால் மறுநாள் முதலே பணம் திரும்பிப் போகிறது. 850 ரூபாயும் ஒருநாள்கூட முழுசாகக் கையில் தங்குவதில்லை. அப்படிப் பார்த்தால் அது கொள்ளை வட்டி. கந்து வட்டியைத் தடுக்க 2003-ல் தமிழ்நாட்டில் சட்டமே வந்தது.

சட்டம் என்ன சொல்கிறது?

ஏலச் சீட்டு நடத்துவோர் 1982-ம் ஆண்டுச் சட்டப்படி பதிவு செய்ய வேண்டும். தீபாவளிச் சீட்டில் ஏலம் கிடையாது. அதைச் சீட்டு என்பது வாய்வழக்குதான். அனுமதி இல்லாமல் ஊராரிடம் வைப்புப் பணம் வாங்கினால், 2019-ம் ஆண்டுச் சட்டப்படி 2 முதல் 7 ஆண்டு வரை சிறை உண்டு. ஏமாந்தவர்கள் போலீசின் பொருளாதாரக் குற்றப் பிரிவில் புகார் கொடுக்கலாம். கோபத்தில் நோட்டைக் கிழித்துவிடக் கூடாது. அதுதான் சாட்சி!

வேறு வழி

பாங்கியில் மாதத் தவணைக் கணக்கு ஒரு வருஷத்துக்கே தொடங்கலாம். தபால் நிலையத்தில் மாதம் 100 ரூபாய் போதும். ஆனால் அது 5 வருஷக் கணக்கு. இந்தத் தீபாவளிக்கு உதவாது.

மதுரையில் இன்னொரு வழியும் உண்டு. இங்கே தலைமை அலுவலகம் உள்ள தானம் அறக்கட்டளையின் 'களஞ்சியம்' குழுக்களில் பெண்கள் மாதந்தோறும் சேமிக்கிறார்கள். தங்களுக்குள்ளேயே கடனும் கொடுத்துக் கொள்கிறார்கள். பணம் எங்கே இருக்கிறது என்பது குழுவில் எல்லோருக்கும் தெரியும். கணக்கைக் கூட்டத்தில் உரக்கப் படிப்பது சிலருக்குச் சங்கடம்தான். இருந்தாலும், அந்தச் சங்கடமே நல்ல பூட்டு.

துணிச் செலவுக்கு ஆடித் தள்ளுபடி இருக்கிறது. தீபாவளிக்கு முந்தின வாரம் விளக்குத்தூண் பக்கம் கால் வைக்க இடம் இராது. விலை பேசவும் நேரம் இராது. ஆடியிலேயே எடுத்துப் பெட்டியில் வைத்துவிடும் வீடுகள் உண்டு. வளரும் பிள்ளைகளுக்கு மட்டும் அளவு ஒரு விரற்கடை கூட்டி எடுக்கிறார்கள்.