பாட்டு வருது, பேர் வரலை

கோட்டுச்சேரி கடைத்தெருவிலிருந்து காரை எடுத்தார் நண்பர். தரங்கம்பாடிக்குப் போகிறோம், நாலைந்து பாட்டு கேட்கிற தூரம்தான். சட்டைப்பையில் இருந்த போனை அவர் தொடவே இல்லை. சாவியைத் திருப்பியதும் காரின் திரை அதை அடையாளம் கண்டுகொண்டது. முதல் நாள் பாதியில் நின்ற நாகஸ்வரம், விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது.

பின்சீட்டில் நண்பரின் மாமா கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டு வந்தார். "மாப்ள, என்ன ராகம்னு அதுல போட்டிருக்கா பாரு" என்றார்.

பாட்டின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வரிசையாக வெற்றுக் கட்டங்கள். "கட்டம்தான் போட்டிருக்கு மாமா."

"ராகத்தைக் கேட்டா ராசிக் கட்டத்தைக் காட்டுதா? திருநள்ளாறு பக்கத்துலதானே இருக்கு, போய் ஒரு எள்ளு விளக்கு ஏத்திட்டு வா!"

சிரித்தோம். ஆனால் மாமா கேட்டதில் நியாயம் இருக்கிறது. நாகஸ்வரத்தின் கமகம் கெடாமல் கம்பியில்லாமல் காருக்குள் கொண்டுவரத் தெரிந்த கருவிக்கு, அதன் பெயரைத் தமிழில் எழுத மட்டும் ஏன் வரவில்லை?

சீட்டு எழுதிய காலம்

காற்றில் பாட்டு வருவது இந்தக் கரைக்குப் புதிதல்ல. கொழும்பில் 1925-ல் வானொலி தொடங்கியது. பின்னாளில் அதன் தமிழ் ஒலிபரப்பு கடல் தாண்டி வந்து டெல்டாக் கரை வீடுகளில் உட்கார்ந்துகொண்டது. அறிவிப்பாளர்கள் மயில்வாகனம், கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீது ஆகியோரின் குரல்கள் இங்குள்ளவர்களுக்கு உறவுக்காரர் குரல்போல. படம் என்ன, பாடியது யார், இசை யார் என்பதைச் சொல்லாமல் பாட்டுப் போட மாட்டார்கள். இன்று கார் ரேடியோவை 100.3-க்குத் திருப்பினால் காரைக்கால் பண்பலை. அங்கும் பெயர் சொல்ல ஒரு ஆள் உண்டு.

பிலிப்ஸ் நிறுவனம் 1963-ல் அறிமுகப்படுத்திய கேசட், பிறகு வாடகைக் கார்களுக்குள்ளும் புகுந்தது. ரெக்கார்டிங் சென்டரில் சீட்டு எழுதிக் கொடுப்போம். அறுபது நிமிடக் கேசட்டில் பக்கத்துக்கு ஆறேழு பாட்டு அடங்கும். டப்பாவுக்குள் மடித்து வைக்கும் அட்டையில் பாட்டுகளின் முதல் வரிகளை வரிசையாக, நுணுக்கி நுணுக்கித் தமிழில் எழுதித் தருவார் கடைக்காரர். ஒரு பேனா செய்த அந்த வேலையைத்தான் இன்று இத்தனை விலையுள்ள திரை செய்ய மறுக்கிறது.

டென்மார்க் ராஜாவின் பெயரில்

போனையும் காரையும் சேர்த்துவைக்கும் புளூடூத்துக்குப் பெயர் வந்தது ஒரு டேனிஷ் அரசரால். பத்தாம் நூற்றாண்டில் சிதறிக் கிடந்த டென்மார்க்கை ஒன்றாக்கியவர் ஹரால்ட். 'நீலப்பல்' என்பது அவருடைய பட்டப்பெயர். தனித்தனியே நின்ற கணினியையும் போனையும் இணைக்கும் தொழில்நுட்பத்துக்கு அந்தப் பெயரை வைக்கலாம் என்று 1997-ல் சொன்னவர் இன்டெல் நிறுவனத்தின் ஜிம் கர்டாக். திரையில் காணும் அந்தச் சின்னம், ஹரால்டின் பெயரில் உள்ள இரண்டு முதலெழுத்துகளைப் பழைய ரூன் வடிவில் பிணைத்தது.

நாங்கள் போய்க்கொண்டிருப்பதும் டேனிஷ்காரர்களின் ஊருக்குத்தான். தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் அனுமதி பெற்று 1620-ல் தரங்கம்பாடியில் இறங்கியவர்கள், 1845-ல் ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டுப் போனார்கள். பிரெஞ்சுக்காரர் ஆண்ட கோட்டுச்சேரியில் கிளம்பி டேனிஷ்காரர் ஆண்ட தரங்கம்பாடிக்கு, டென்மார்க் ராஜா பெயரில் நாகஸ்வரம் கேட்டுக்கொண்டு போகிறோம்.

புளூடூத்தில் போனிலிருந்து காருக்குப் பாய்வது ஒரே வாய்க்கால் அல்ல. ஒலிக்கு ஒன்று, பாட்டின் பெயருக்கும் 'அடுத்த பாட்டு' பொத்தானுக்கும் ஒன்று, போன் பேச்சுக்கு ஒன்று. ஒலி வாய்க்கால் வழியே போகும்முன் பாட்டைப் போன் ஒருமுறை சுருக்குகிறது; இணையத்திலிருந்து ஏற்கெனவே சுருங்கி வந்த பாட்டுக்கு இது இரண்டாவது சுருக்கம். சுருங்கிய ஒலி 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் 79 அலைவரிசைகளுக்கு இடையே நொடிக்கு 1,600 முறை தாவிக்கொண்டே போகிறது. பக்கத்துக் காரின் புளூடூத்தோடு மோதாமல் இருக்கவே இந்தத் தாவல். அழைப்பு வந்தால் பாட்டு நின்று பேச்சு வாய்க்கால் திறக்கும். அது குறுகலானது, அதனால்தான் பாட்டு நிறைவாகக் கேட்ட அதே ஸ்பீக்கரில் பேச்சு கம்மிப் போய்க் கேட்கிறது.

கொம்பு எங்கே போனது?

பெயர் வாய்க்காலில் போவது எழுத்தின் படமல்ல, அதன் எண். தமிழ் எழுத்துகளுக்கு யூனிகோடு 1991-லேயே எண் கொடுத்துவிட்டது. போன் சரியாகத்தான் அனுப்புகிறது. எண்ணைப் பார்த்து எழுத்தை வரைய வேண்டியது காரின் வேலை. காரில் தமிழ் எழுத்துரு இல்லையென்றால் எழுத்துக்கு ஒரு கட்டம் போட்டுவிட்டு ஒதுங்கிக்கொள்ளும்.

எழுத்துரு இருந்தாலும் போதாது. 'கோட்டுச்சேரி'யையே எடுத்துக்கொள்ளுங்கள். 'கோ' என்பது கணினிக்கு முதலில் ககரம், அடுத்து ஓகாரக் குறி. அந்தக் குறியை இரண்டாகப் பிரித்து, இரட்டைக் கொம்பை முன்னாலும் காலைப் பின்னாலும் வைக்கத் தெரிய வேண்டும். தெரியாத திரையில் கொம்பு இடம் மாறி நிற்கும். ஊர்ப் பெயரே ஊர்க்காரருக்குப் புரியாது.

வழி இல்லாமல் இல்லை. 2014-ல் வந்த கார்பிளே, 2015-ல் வந்த ஆண்ட்ராய்டு ஆட்டோ இரண்டிலும் திரையை வரைவது போன்தான். கார் வெறும் கண்ணாடிபோலக் காட்டுகிறது. போனில் தெரியும் தமிழ் அப்படியே வந்துவிடும். கேபிளில் இணைத்தால் புளூடூத்தின் அந்த இரண்டாவது சுருக்கமும் பெரும்பாலும் தவிர்ந்துவிடும். பென் டிரைவில் ஒலி நன்றாக இருக்கும். ஆனால் பெயரை வரைவது மறுபடியும் கார். அதற்குப் பயந்தே பலர் தமிழ்ப் பாட்டுக்கு ஆங்கில எழுத்தில் பெயர் வைத்து ஏற்றுகிறார்கள்.

இது அழகு மட்டும் சம்பந்தப்பட்டதல்ல. மணிக்கு 60 கிலோமீட்டரில் போகும் கார் ஒரு நொடியில் 16 மீட்டரைத் தாண்டிவிடும். கட்டங்களைப் பார்த்து எது எந்தப் பாட்டு என்று யோசிக்கும் இரண்டு நொடியில் எதிரே சைக்கிள் வந்துவிடலாம். ஓட்டும்போது போனைக் கையில் எடுத்தால் 2019 சட்டத் திருத்தத்தின்படி 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது சிறை, அல்லது இரண்டும். 2020-ல் வந்த விதி வழி பார்ப்பதற்கு மட்டுமே தளர்வு தந்தது. பாட்டு மாற்றுவதற்கு அல்ல.

பொறையாறில் ஒரு டீ

நண்டலாறு தாண்டி, பொறையாறில் டீ குடிக்க நிறுத்தினோம். இங்கே ஒரு பழைய கதை இருக்கிறது. 1706-ல் தரங்கம்பாடி வந்த பாதிரியார் சீகன்பால்கு, தமிழில் அச்சடிக்க ஜெர்மனியின் ஹாலே நகரில் எழுத்து வார்த்து வரவழைத்தார். வந்த எழுத்துகள் பெரிது, காகிதத்தைத் தின்றன. உடனே தமிழை விட்டுவிடவில்லை. சிறிய எழுத்துகளை இங்கேயே வார்த்தார்கள். காகிதத்துக்காகப் பொறையாறில் ஆலையும் வைத்தார்கள். 1715-ல் தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சேறியது. அவர்கள் நோக்கம் மதம். ஆனாலும் தமிழரிடம் பேச வந்தவர்களுக்குத் தமிழ் எழுத்து தேவை என்பதில் சந்தேகம் இருக்கவில்லை. தமிழரிடம் கார் விற்க வருகிறவர்களிடம் அதையே கேட்பது பேராசை ஆகாது.

டீ டம்ளரை வைத்துவிட்டு நண்பர் போனைக் கேபிளில் செருகினார். திரை ஒருமுறை இருண்டு விழித்தது. கட்டங்கள் மறைந்து, கொம்பும் காலும் இடம் பிசகாமல் வந்து நின்றது பெயர்: தோடி.

"தோடியாம் மாமா!"

"அது கோட்டுச்சேரியிலயே எனக்குத் தெரியும்" என்றார் மாமா. "உன் வண்டிக்குத் தெரியுதான்னு பார்த்தேன்."